மேல் ரோட்டிலிருந்து தெரியும் பஸ்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்ததா? கோத்தகிரிக் குளிரில் கவனமாக இரு. இங்கே ஒரு கிழமையாக விடாத மழை, தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு கொஞ்சம் சரிந்திருக்கிறது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது.

நீ கேட்டிருந்த அந்த விஷயம்தான் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. உன் அப்பா இந்தியாவுக்கும் என் அப்பா இலங்கைக்கும் குடியுரிமை கேட்டு எழுதிப் போடுவார்கள் என்று ஆண்டவனுக்கு முன்பே தெரியும் என்றால், அதை அவர்கள் எடுத்த முடிவு என்று எப்படிச் சொல்வது என்கிறாய்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயிலடி மேல் ரோட்டில் நின்று நோர்வூட் பக்கமிருந்து வரும் பஸ்ஸைப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கா? முடக்குக்கு அந்தப் பக்கம் மாடு படுத்திருப்பது டிரைவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதற்காக நாம் பார்த்ததால்தான் அவர் பிரேக் போட்டார் என்று சொல்வோமா? ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் மரண தண்டனைக்குக் காத்துக்கொண்டு சிறையில் இருந்த தத்துவஞானி போத்தியஸ் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: கடவுளுக்கு நேற்று நாளை கிடையாது, எல்லாக் காலமும் அவர் கண்ணுக்கு இப்போதுதான்.

ரோட்டை வெட்டினவனும் அந்த ஆண்டவன்தானே என்று மடக்குவாய். சரி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஊழைவிட வலியது எது என்று 380ஆம் குறளில் கேட்ட வள்ளுவர், சோர்வில்லாமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காண்பார் என்று 620இல் சொல்கிறார். இரண்டையும் ஒரே ஆள் சொல்லியிருப்பதே எனக்குத் தெம்பு.

ஆனால் மச்சான், அப்பாமாரின் கையைக் கட்டியது ஆண்டவன் இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி ஆட்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். நம் ஆட்களில் ஒருத்தர் முகமும் தெரியாமல் போட்ட கணக்கு அது. அதைப் போய் விதி என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால் செய்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நெருக்கடிக்குள்ளும் அவர்கள் யோசித்தார்கள். எங்கள் வாசல் இஸ்தோப்பில் குப்பி விளக்கு முன்னால் அந்தக் குடியுரிமை விண்ணப்பப் பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு, உன் அப்பா பேனையைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார், தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது, கையெழுத்துப் போடும்போது விடிந்து, வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்கு நேரமாகிவிட்டது. எழுதி வைத்ததை நடத்திக் கொடுக்கிற ஆளுக்கு ராத்திரி முழுக்க எதற்கு அந்தப் பாடு? அப்புறம் ஹட்டனில் இந்தியா போகிறவர்களை ஏற்றிய ரயில், அந்த ஒப்பாரிக் கோச்சி, நகர்ந்தபோது, ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்தபடி என் அப்பா பிளாட்போம் முடியும்வரை நடந்தார்.

அந்த ராத்திரியைப் பற்றிக் கடைசிக் காலத்தில் உன் அப்பா ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுது. மாசியில் சிவனொளிபாதமலை ஏறலாம் என்றிருக்கிறேன், வருவதென்றால் தைக்குள் சொல்லு.

உன் பழைய வகுப்புத் தோழன்,
பொகவந்தலாவை