தம்பிக்கு, தலைத்திவசத்துக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த மாதம் அம்மாவின் தலைத்திவசம். நீ ஊருக்கு வந்துதான் அதைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் நான். இனி நிற்கமாட்டேன். நீ இருக்கும் ஊரிலேயே செய்துகொள்; பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

சத்யஜித் ராய் 1956இல் எடுத்த வங்காளப் படமான ‘அபராஜிதோ’வைச் சென்ற வாரம் மறுபடியும் பார்த்தேன். கூடத்தில் நாம் அதைப் பார்த்த மாலையில், ரயில் நிலையம்வரை போன அபு, வண்டி வந்தும் ஏறாமல் வீடு திரும்பி, அதைத் தவறவிட்டதாகத் தாயிடம் பொய் சொல்லும் இடத்தில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். மொழி தெரியாதவளுக்கு அந்தப் பொய் உடனே புரிந்துவிட்டது. “ஒரு நாள் கூட இருக்கத்தான் வந்திருக்கிறான்” என்றாள். பிறகு அபுவின் தாய் சர்பஜயா தன் நோயை மகனிடம் மறைத்துக்கொண்டு, ரயில் சத்தத்துக்குக் காத்திருந்தபோது, அம்மாவுக்கு அவள்மேல் கோபமே வந்தது. “பிள்ளைக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?” என்று கேட்டாள். கல்லூரிக்குப் புறப்படச் சில நாட்களே இருந்த நீ, எழுந்து வெளியே போய்விட்டாய்.

அதே அம்மாதான் பின்னாளில், உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், மருத்துவமனை நாட்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியாமல் போனதற்கு வருந்துகிறேன். ஆனால் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், அதை எப்படி மறுப்பது? வாரந்தோறும் பேசிய நீயும் அவள் குரல் மெலிந்ததைக் கவனித்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெனிஸில் 1957இல் தங்கச் சிங்க விருது பெற்ற அந்தப் படம் வங்காளத்தில் ஓடவில்லை. தாயைவிட்டு விலகும் மகனை அங்கே பலரால் ஏற்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இறந்துபோன தாயின் ஈமக்கடனைக் காளிகாட்டில் செய்துகொள்வதாகச் சொல்லி, தேர்வுக்காக அபு கல்கத்தாவுக்குக் கிளம்பும் இடத்தில் அவனை வெறுத்திருக்கிறேன். பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே நீ பெட்டியோடு கிளம்பியபோதும் அந்த வெறுப்புதான் வந்தது. இம்முறையோ, கிளம்புவதற்கு முன் அவன் அழுததுதான் மனத்தில் நின்றது. இளம் வயதுத் துக்கத்தைக் காட்டும் எத்தனையோ படங்கள் அழுகையோடு நின்றுவிடுகின்றன. அழுதவனுக்குத் தேர்வும் இருக்கிறது என்பதை ராய் மறக்கவில்லை. அவன் அங்கேயே தங்கியிருந்தால் தகப்பனைப் போலப் புரோகிதனாகியிருப்பான், துக்கம் குறைந்திருக்காது. நீ அழுததை நான் பார்க்கவில்லை என்பதற்காக, நீ அழவே இல்லை என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.

திவசம் முடிந்ததும் கூப்பிடு, கண்ணா. மருத்துவமனையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அம்மா இருந்த கடைசிப் பொங்கலுக்கு நீ ஏன் வரவில்லை என்பதை நீயும் சொல்ல வேண்டும். வேலை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன்.

அக்கா