பெயர் தெரியாத அந்தத் தொழில்நுட்பப் பணியாளருக்கு

ரவுட்டரை மாற்றிய நாளிலிருந்து அப்பாவின் பழைய நெட்வொர்க் மியூசிக் பிளேயர் வைஃபையில் சேர மறுத்தது. வேறொரு பழுதைப் பார்க்க வந்திருந்த நீங்கள், அதன் குமிழைத் திருகித் திருகி ஒவ்வோர் எழுத்தாக நான் கடவுச்சொல்லை உள்ளிடுவதைக் கண்டு, கேட்காமலேயே அருகில் வந்து அமர்ந்தீர்கள். அக்கருவிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே எட்டும், 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை அதற்குப் புரியாது என்று பொறுமையாக விளக்கி, வீட்டின் மற்ற இணைப்புகளைத் தொடாமல், விருந்தினர்களுக்கான தனி வைஃபையை மட்டும் முந்தைய டபிள்யூபிஏ2 முறையில் அமைத்துக் கொடுத்தீர்கள். (கடவுச்சொல்லைச் சுருக்கமாக வைக்கச் சொன்னதற்கு என் விரல்களின் தனி நன்றி.) மங்கிய சிறுதிரை ஒளிர்ந்து இணைய வானொலி ஒலித்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், நான் பெயரைக் கேட்பதற்குள் நீங்கள் படியிறங்கிவிட்டீர்கள். இது உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.