சாணை பிடிக்கிறது வேற, தீட்டுறது வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல உளி, இழைப்புளி பிளேடெல்லாம் வீட்லயே கூர் போடுறது எப்படின்னு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், மர வேலைக்கெல்லாம் பேப்பர்ல எடம் கிடைக்கிறதே அபூர்வம். ஆனா மழுங்கின உளிய கிரைண்டர்ல, அதாவது கரண்ட்ல சுத்துற சாணைச் சக்கரத்துல, ரெண்டு நிமிஷம் காட்டினா போதும், புதுசு மாதிரி ஆயிடும்னு ஒரு வரி வருது பாருங்க, அத படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. ஏன்னா அத அப்படியே செஞ்சு சூடு பட்டவன் நான்.

இந்த வேலைய பொழுதுபோக்கா ஆரம்பிச்ச புதுசுல 12 மிமீ உளி ஒண்ணு வாங்கினேன். முனையில சின்னதா ஒரு சில்லு பேந்ததும் நேரா கொண்டுபோய் கிரைண்டர்ல அழுத்திட்டேன். பொறி பறக்குறத பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்து பாத்தா ஓரத்துல நீலமா ஒரு கோடு, மயில் கழுத்து கலர்ல. தொடைச்சா போயிடும்னு நெனச்சேன். மறுநாள் துளை செதுக்க உக்காந்து கொட்டாப்புளியால நாலு தட்டு தட்டுறேன், முனை தகரம் மாதிரி மடங்கிடுச்சு. திரும்ப தீட்டினேன், திரும்ப மடங்குது. உளிதான் மட்டம்னு வித்தவர வேற மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன்.

அந்த நீலம் அழுக்கு இல்ல, பதம் போனதுக்கு அடையாளம். சாதாரண கார்பன் ஸ்டீல் உளிய செய்யுறப்ப மொதல்ல நல்லா காய்ச்சி சட்டுனு ஆற வச்சு கெட்டியாக்குவாங்க, அப்புறம் அது கண்ணாடி மாதிரி ஒடஞ்சிடாம இருக்க சுமார் 200 டிகிரி செல்சியஸ்ல மறுபடி சூடாக்கி பதப்படுத்துவாங்க. அதுக்கு மேல சூடு ஏற ஏற கெட்டித்தனம் போகுது, நிறமும் மாறுது, 220 பக்கம் இளமஞ்சள், 250-ஐ தாண்டினா பழுப்பு, அப்புறம் ஊதா, 300 பக்கம் வந்துட்டா நீலம். வீட்ல வச்சிருக்கிற ஆறு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 2,800 சுத்து பக்கம் சுத்தும், உளியோட நுனியில சூட்ட வாங்கிக்க இரும்பே கிடையாது, அவ்வளவு மெல்லிசு, அதனால ரெண்டு நிமிஷமெல்லாம் எதுக்கு, சில செகண்டு அழுத்திப் பிடிச்சாலே காரியம் கெட்டுடும். ஹைஸ்பீடு ஸ்டீல்னு சூடு தாங்குறதுக்குன்னே செஞ்ச எஃகு பிளேடா இருந்தா இந்த சூட்ட தாங்கும், ஆனா சாதாரண உளி தாங்காது. நீலமான பகுதிய முழுசா தேய்ச்சு எடுக்குறத தவிர வேற வழியும் இல்ல. சொரசொரப்பு பேப்பர்ல மூணு மிமீ தேய்ச்சு கரைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க போச்சு, தோள்பட்டை வலி தனி.

கட்டுரை எழுதினவர் சாணை பிடிக்கிறதையும் தீட்டுறதையும் ஒண்ணாக்கிட்டார், அதான் பிரச்சனை. நம்ம பாஷையில ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு. சாணை பிடிக்கிறது வடிவத்த சரி பண்ண, அதாவது முனை பேந்து போச்சு, கோணம் மாறிப் போச்சு, பலமுறை தீட்டித் தீட்டி முனை முரடாயிடுச்சுன்னா மட்டும். தீட்டுறதுதான் கூர் குடுக்குறது, அது கல்லுல, கையால. சாணை சில மாசத்துக்கு ஒருக்கா தேவைப்பட்டா பெரிசு. தீட்டுறது வேலை செய்யுற அன்னிக்கெல்லாம். சாணைக்கு போனாலும் லேசா தொட்டு எடுத்து உடனே தண்ணில முக்கணும், விரல முனைக்கு பக்கத்துல வச்சுக்கிட்டா சூடு தெரிஞ்சிடும். சக்கரத்து முகம் பளபளன்னு வழுவழுப்பா ஆயிருந்தா அது வெட்டாது, வெறுமனே உரசி சூடுதான் ஏத்தும், அத மொதல்ல சொரசொரப்பாக்கிக்கணும்.

சரி, தீட்டுறதுக்கு வருவோம். கூர்ங்கிறது என்ன, ரெண்டு முகம் சந்திக்கிற கோடு. சரிவுப் பக்கம் ஒண்ணு, தட்டைப் பக்கம் ஒண்ணு. எல்லாரும் சரிவ மட்டும் மாங்கு மாங்குன்னு தேய்ப்பாங்க, தட்டைப் பக்கத்த ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க, உங்க கட்டுரையிலயும் அதப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. புது உளிய வாங்கினதும் மொத வேலை அந்த தட்டைப் பக்கத்துல முனைய ஒட்டி ஒரு ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் கல்லுல படுக்க வச்சு தேய்ச்சு சமமாக்கி மொகம் தெரியுற அளவுக்கு பாலிஷ் பண்றது. ஒருதடவை பண்ணா போதும், ஆனா பண்ணணும்.

அப்புறம் பிசிறு. 1000 நம்பர் தண்ணிக்கல்லுல (தண்ணி விட்டு தீட்டுற கல்லு, நம்பர் கூடக் கூட நைஸு) சரிவுப் பக்கத்த தேய்க்கிறப்ப மறுபக்கத்துல நுனி முழுக்க மெல்லிசா ஒரு பிசிறு தட்டும், விரலால உள்ளேர்ந்து நுனிய பாத்து வெளிய தடவினா தெரியும். அது தெரியுற வரைக்கும் தேய்க்கணும், தெரிஞ்சதும் நிறுத்தணும், இவ்வளவுதான் ரகசியம். அம்பது தடவை தேய், நூறு தடவை தேய்னு கணக்கு சொல்றவங்கள நம்பாதீங்க. ஒரு மூலையில மட்டும் பிசிறு வரலன்னா அங்க இன்னும் முனை போய் சேரலன்னு அர்த்தம், அத விட்டுட்டு 8000 கல்லுக்கு போனா மழுங்கலுக்கே பாலிஷ் போட்ட கதைதான். பிசிறு வந்தப்புறம் 6000-மோ 8000-மோ இருக்கிற நைஸ் கல்லுல சரிவ கொஞ்சம், தட்டைப் பக்கத்த படுக்க வச்சு கொஞ்சம், மாத்தி மாத்தி தேய்ச்சா பிசிறு உதிர்ந்திடும். கடைசியா தோல்பட்டையில, அதாவது தீட்டுறதுக்கு வச்சிருக்கிற தோல் வாருல, மெருகு போடுற பச்சை பேஸ்ட் தடவி அஞ்சாறு இழுப்பு, இழுக்க மட்டும்தான், தள்ளினா தோல் கிழியும். அழுத்தினீங்கன்னா தோல் அமுங்கி முனை உருண்டையாயிடும்.

கோணம்? பொதுவா 25 டிகிரில சரிவு, நுனியில மட்டும் 30 டிகிரில சின்னதா இன்னொரு சரிவு, அப்படி வச்சா ஒவ்வொரு தடவையும் முழு சரிவையும் தேய்க்க வேணாம், நுனியில ஒரு மயிரிழை தேய்ச்சா போதும். கோணம் பாக்க கருவியே தேவையில்ல, சரிவோட நீளம் இரும்போட கனத்துல ரெண்டு மடங்கு இருந்தா அது 30 டிகிரி, கிட்டத்தட்ட 2.4 மடங்கு இருந்தா 25. கையால பிடிக்க ஆடுதுன்னா பிளேட ஒரே கோணத்துல பிடிச்சுக்கிற சக்கரம் வச்ச கைடு ஒண்ணு வாங்கிக்கலாம், அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல, நான் இன்னும் இழைப்புளி பிளேடுக்கு அதத்தான் வச்சிருக்கேன்.

கல்லு இல்லாதவங்க கவலப்பட வேணாம். கனமான கண்ணாடித் துண்டு மேல தண்ணிபடுற எமரி பேப்பர ஒட்டி 400, 800, 1500, 2000-னு போனாலும் அருமையா வரும். இதுலயும் இழுக்க மட்டும், தள்ளினா முனை பேப்பர கிழிச்சிடும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், பேப்பர் நம்பரும் தண்ணிக்கல் நம்பரும் ஒண்ணு இல்ல, 2000 பேப்பர் 1000 கல்ல விட கொஞ்சம்தான் நைஸு, அதனால அதுக்கப்புறம் தோல்பட்டை கட்டாயம். தண்ணிக்கல் வச்சிருக்கிறவங்களுக்கு வேற தொல்லை, நடுவுல குழிஞ்சிடும், குழிஞ்ச கல்லுல தட்டைப் பக்கத்த தேய்ச்சா அதுவும் வளைஞ்சிடும். அதனால அடிக்கடி கல்லுலயே பென்சில்ல கோடு போட்டு, கண்ணாடி மேல ஒட்டின அதே எமரி பேப்பர்ல கோடு அழியுற வரைக்கும் தேய்ச்சு மட்டமாக்கிடணும்.

இழைப்புளி பிளேடுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அரை மிமீ கனமுள்ள இரும்பு ஸ்கேல கல்லோட ஒரு ஓரத்துல வச்சு, பிளேட அது மேல சாய்ச்சு தட்டைப் பக்கத்த தேய்ச்சா நுனி மட்டும்தான் கல்லுல படும், முழுசா மட்டமாக்குற அவஸ்தை மிச்சம், டேவிட் சார்ல்ஸ்வொர்த்ங்கிற இங்கிலாந்து மர வேலைக்காரர் பிரபலமாக்கின வித்தை இது. உளில இத செஞ்சிடாதீங்க, உளி நேரா வெட்ட அந்த தட்டைப் பக்கம்தான் மரத்துல படிஞ்சு வழிகாட்டணும். மெருகுக்கு இழைக்கிற பிளேடுன்னா ரெண்டு மூலையிலயும் கொஞ்சம் கூடுதலா அழுத்தி தேய்ச்சிடுங்க, இல்லன்னா பலகை மேல வரி வரியா கோடு விழும்.

கூர் வந்துச்சான்னு பாக்க கட்டுரையில கட்டைவிரல நுனியில வச்சு பாக்க சொல்லியிருந்தார், வேணாங்க. பைன் மாதிரி மெதுவான மரத்தோட குறுக்கு வெட்டு முகத்துல சீவிப் பாருங்க, கூரா இருந்தா வழுவழுன்னு பளபளப்பா வரும், மழுங்கி இருந்தா நார் நசுங்கி வெள்ளையா பொடிப்பொடியா உதிரும். இன்னொண்ணு, நுனிய வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, கூரான முனை கண்ணுக்கே தெரியாது, வெள்ளையா ஒரு கோடு மின்னினா அந்த எடம் மழுங்கல்.

கடைசியா அந்த போட்டோ. கிரைண்டர் முன்னாடி ஒருத்தர் துணி கையுறை மாட்டிக்கிட்டு நிக்கிறார், கண்ணுல கண்ணாடி இல்ல. சரியா தலைகீழ். சுத்துற சக்கரத்துகிட்ட கையுறை மாட்டினா துணிய பிடிச்சு கையையும் சேத்து இழுத்துடும், கண்ணாடி இல்லன்னா பொறி கண்ணுக்குள்ளதான். அடுத்த ஞாயிறு ஒரு மூலையிலயாவது அந்த ரெண்டு நிமிஷம்ங்கிற வரியையும் இந்த போட்டோவையும் திருத்தி ஒரு குறிப்பு போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்