பாப்பாவுக்கு, பச்சைக் கார் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ ஒட்டத் தொடங்கிய லோட்டஸ் 49 பிளாஸ்டிக் மாடல் காரின் படம் வந்தது. "ஆரம்பிச்சிட்டேன்" என்ற ஒரு வார்த்தையும் வந்தது. அதற்கு முன் எப்போது எழுதினாய் என்று அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். நான் எண்ணவில்லை. உன் ஊர் நேரத்துக்குக் கணக்குப் போட்டால் படம் எடுத்தது இரவு 2.40. அந்த நேரத்தில் கத்தியும் நிப்பரும் கையில் இருக்கக் கூடாது. பகலில் செய்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குப் பாகத்தின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு தெரிகிறது. பாகங்கள் ஒட்டி வருகிற ஸ்ப்ரூச் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் எடுத்திருக்கிறாய். இரண்டு வெட்டாக எடுக்க வேண்டும்: முதலில் பாகத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒன்று, பாகம் கைக்கு வந்த பிறகு ஒட்டினாற்போல் இன்னொன்று. ஒரேயடியாக வெட்டினால் இழுபட்ட பிளாஸ்டிக் வெளுத்துவிடும், சில சமயம் பள்ளமே விழும். வெளுப்பு மட்டும் என்றால் பெயின்ட் மூடிவிடும். நகத்தால் தடவி பள்ளம் இருக்கிறதா பார். இருந்தால் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடு. மறுநாள் தேய்க்கலாம் என்று விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். சுற்றியிருப்பது தேயும், அது தேயாது, மேடாக நிற்கும்.

சஸ்பென்ஷன் கம்பிகளை நன்றாக எடுத்திருக்கிறாய். அவ்வளவு மெல்லிய பாகத்தை ஒன்றுகூட ஒடிக்காமல் எடுப்பது லேசில்லை, எனக்கே ஒன்றிரண்டு ஒடியும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் விழுகிற அச்சுக்கோட்டை இன்னும் சுரண்டவில்லை போலிருக்கிறது. கத்தியின் கூரால் சீவாதே, முதுகுப் பக்கத்தால் சுரண்டு. ஒரே பக்கம் சுரண்டினால் உருண்டைக் கம்பி முட்டை வடிவமாகிவிடும், திருப்பித் திருப்பிச் சுரண்டு. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவள் ஏன் மூக்கை ஒரே வெட்டில் எடுத்தாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தூக்கம் இல்லாத கை அப்படித்தான் செய்யும்.

பாகங்களைக் கழுவினாயா? அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெய் மேலே இருக்கும், அது இருந்தால் பிரைமர் என்கிற அடிப்பூச்சு பிடிக்காது, பிறகு மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, பழைய பல் பிரஷ். கொதிக்கும் தண்ணீர் கூடாது, பாடி வளைந்துவிடும். ஈரத்தைத் துணியால் துடைக்காதே, நூல் ஒட்டும். தானாகக் காயட்டும்.

இந்த வண்டியில் எல்லாரும் சறுக்குகிற இடம் பெயின்ட் இல்லை, எஞ்சின். நிஜ லோட்டஸ் 49 பந்தயக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சேஸிஸே கிடையாது. முன்பாதி அலுமினியத் தொட்டி. அதன் பின்சுவரில் எஞ்சின் நான்கே இடத்தில் போல்ட் போட்டு நிற்கிறது, எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ், பின்சக்கரம் இரண்டும் அவற்றைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. லோட்டஸின் சாப்மனும் மாரிஸ் ஃபிலிப்பும் வண்டியை வரைந்தபோதே அப்படித்தான் வரைந்தார்கள், காஸ்வொர்த்தின் டக்வொர்த் செய்த டிஎஃப்வி எஞ்சினும் அந்தப் பாரத்தைத் தாங்குகிற மாதிரியே வந்தது. உன் மாடல் கிட்டிலும் அதே கதைதான். எஞ்சின் பின்சுவரில் ஒரு டிகிரி சாய்ந்து ஒட்டினால் அங்கே ஒன்றும் தெரியாது. கடைசியில் வண்டியை நிறுத்தும்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அப்போது பிரிக்க முடியாது.

அதனால் எஞ்சினை ஒட்டுமுன் எல்லாவற்றையும் டேப் போட்டுக் கட்டி, பசையில்லாமல் ஒரு தடவை முழு வண்டியாக நிறுத்து. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வை, மேசையை நம்பாதே. நான்கு டயருக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார். எது லேசாக வருகிறதோ அந்தச் சக்கரம் தூக்கியிருக்கிறது. எதிர்மூலையில் இருக்கிற கம்பியின் குச்சியையோ துளையையோ கொஞ்சம் சுரண்டினால் இறங்கும். சரியானதும் பிளாஸ்டிக்கை ஒட்டுகிற திரவ சிமென்ட் வைத்து, கண்ணாடியின் மேலேயே ஒரு ராத்திரி விட்டுவிடு. தொட்டுப் பார்க்காதே. இதை மறுபடியும் சொல்கிறேன் என்று கோபிக்காதே: காயவிடு.

படத்தில் அந்த மேசையைப் பார்த்தேன். முன்பு மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் இருக்கும் இடம் இப்போது தாராளமாக இருக்கிறது. காயவைக்க இடம் வேண்டும்தான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்லக்கூடிய நிலையில் இருந்தால்.

பெயின்டுக்கு வருகிறேன். வெள்ளை பிரைமர், அதன் மேல் மஞ்சள், பிறகுதான் பச்சை. மூக்கில் ஓடும் மஞ்சள் பட்டையைப் பச்சையின் மேல் அடிக்கப் பார்க்காதே, ஏழு கோட் அடித்தாலும் அழுக்கு மஞ்சளாகத்தான் நிற்கும். மஞ்சள் மூன்று நாள் காய்ந்ததும் பட்டையை டேப் போட்டு மூடு. டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி, பச்சைக்கு முன்னால் அந்த ஓரத்தில் மட்டும் மஞ்சளையே இன்னொரு மெல்லிய கோட் அடி. கசிகிற இடத்தில் மஞ்சள் கசிந்து அடைத்துக்கொள்ளும், பச்சை உள்ளே போகாது. பச்சை முழுக்கக் காய்ந்து இறுகுமுன் டேப்பை மடக்கி, பாடியோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக இழு. நேராக மேலே தூக்கினால் ஓரம் பிய்ந்து வரும்.

ஸ்ப்ரே டப்பாவை அடிக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் வை. அடுப்புப் பக்கம் கொண்டு போகாதே. 20, 25 செ.மீ. தூரம். கையை பாடிக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடி. முதல் கோட் பனி விழுந்த மாதிரி, அடியில் மஞ்சள் தெரிந்தால் தெரியட்டும். பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது. மூன்றாவதுதான் ஈரமாகப் பளபளக்க வேண்டும். கிட்டப் போனால் வழியும். தள்ளிப் போனால் காற்றிலேயே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக விழும். மழை நாளில் அடிக்காதே, வெள்ளையாகப் பூத்துவிடும். ஜன்னலைத் திறந்து வை. முகமூடி போடு. தலைவலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. ஜன்னலைத் திறந்து வை என்று ஏற்கெனவே சொன்னேனா? மறுபடி சொல்கிறேன், அடைத்துக்கொண்டு உட்காராதே.

பெயின்டில் இரண்டு வகை: லாக்கர் அடியில், எனாமல் மேலே, அந்த வரிசை மாறக் கூடாது. எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி வெடிக்கும். எஞ்சினின் இடுக்குகளில் கறுப்பு ஓடவிட எனாமல் தின்னர் எடுப்பாய் அல்லவா, அது பெயின்ட் ஏறாத வெறும் பிளாஸ்டிக்கில் இறங்கினால் விறைப்பாக நிற்கிற கம்பிகள் தானாக ஒடியும். நீ ஒன்றும் செய்திருக்க மாட்டாய், மறுநாள் பார்த்தால் இரண்டாகக் கிடக்கும்.

எஞ்சினுக்கு எட்டு பிளக் ஒயர். நிஜ வண்டியில் அந்த ஒயர் சுமார் 7 மி.மீ. தடிமன், 1/12 அளவில் 0.6 மி.மீ. வரும். கிட்டில் வரும் தடித்த ரப்பர் குழாயைப் போடாதே. 0.6 துளை போட்டு, கறுப்பு ஒயரின் முனையை மட்டும் சூப்பர் க்ளூவில் தொட்டு நுழை. குரோம் பூசிய பாகம் இருந்தால் ஒட்டுகிற இடத்தில் குரோமைச் சுரண்டு, அதன் மேல் சிமென்ட் பிடிக்காது. எக்ஸாஸ்ட் குழாய்க்கு வெறும் வெள்ளி போதாது. சிலிண்டர் பக்கம் நீலம், தள்ளிப் போகப் போக ஊதா, அப்புறம் வைக்கோல் நிறம், மூன்றும் பார்த்தும் பார்க்காததுமாக இருக்க வேண்டும். டயரை பிளாஸ்டிக் பாகங்களோடு ஒரே பையில் போட்டு வைக்காதே. அந்த மிருதுவான வினைலிலிருந்து கசிகிற எண்ணெய் மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கை உருக்கும். ரிம்மில் மாட்டும்போது நடுவில் மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றிவிடு. விண்ட்ஸ்கிரீனுக்கு சூப்பர் க்ளூ ஆகாது, ஆவி படிந்து மங்கிவிடும், வெள்ளைப் பசைதான்.

பாடியின் இரண்டு பாதியை ஒட்டும்போது ஒரு விஷயம். திரவ சிமென்டின் பிரஷ்ஷை இணைப்பில் தொட்டால் போதும், அது தானாக இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இணைப்பின் மேல் உன் விரல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். எடுத்துப் பார்த்தால் ரேகை அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும், கோடு கோடாக, மை வைத்த மாதிரி.

ரேகை என்று எழுதியதும் கை நின்றுவிட்டது, பாப்பா. ஷோகேஸில் இருக்கிற பச்சைக் கார். ஒன்பதாம் வகுப்பில் நீ பிரஷ்ஷால் அடித்தது. காயுமுன் தொட்டுவிட்டாய், மூக்கில் உன் கட்டைவிரல் ரேகை இருந்தது. நீ பள்ளிச் சுற்றுலா போன மூன்று நாளில் நான் அதை ஆல்கஹாலில் ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் தேய்த்து, மொத்தப் பெயின்டையும் எடுத்துவிட்டு நானே மறுபடி அடித்தேன். நீ வந்ததும் "நல்லா காஞ்சதும் சரியாயிடுச்சு பார்" என்றேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் என் பெண் செய்தது என்று அதைத்தான் இத்தனை வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ ஒரு பெட்டியையும் திறக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு நாள் விட்டு, 1500 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ரேகை இருக்கிற அந்த இடத்தை மட்டும் மட்டப்படுத்தி, மெல்லியதாக ஒரு கோட். பத்து நிமிஷ வேலை, அதையும் உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே செய்திருப்பாய். உன் காரியம் எதிலும் இனிமேல் நான் கை வைக்க மாட்டேன். கேட்டால் சொல்வேன். எதைக் கேட்டாலும்.

டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற எண்ணும் எழுத்தும், கடைசி வேலை. பாடி பளபளப்பாக இருக்கும்போதுதான் ஒட்ட வேண்டும், சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம், வெளியே எடுத்து ஒரு நிமிஷம், தானாக வழுக்கிய பிறகு நகர்த்து. அடியில் ஒட்டவைக்கிற மைக்ரோ செட் திரவம், இடத்தில் உட்கார்ந்ததும் மேலே டீகாலை மிருதுவாக்குகிற மைக்ரோ சோல். சோல் பட்டதும் டீகால் சுருங்கிக் கோணலாகும், பார்த்தால் வயிறு கலங்கும். தொடாதே. அது காயும்போது தானாகப் படியும். கை வைத்தால்தான் கிழியும்.

உன் பெட்டி பழசு, அதிலிருக்கும் டீகால் தாள் மஞ்சளித்திருக்கும், தண்ணீரில் போட்டால் துண்டு துண்டாகவும் போகலாம். ஓரத்தில் தேவையில்லாத ஒன்றை முதலில் போட்டுப் பார். நொறுங்கினால் தாள் முழுவதற்கும் கிளியர் லாக்கர் ஒரு கோட் அடித்து, ஒவ்வொன்றையும் ஓரத்தில் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பாடு வேண்டாமென்றால் என்னிடம் புதுத் தாள் ஒன்று இருக்கிறது. லோட்டஸ் அணியின் இரண்டு வண்டிக்கும் எண் இருக்கிறது. 1967 ஜூன் 4, நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட், இந்த வண்டியின் முதல் பந்தயம். ஓட்டுநர் கிரஹாம் ஹில்லுக்கு 6. போல் எடுத்து, அதாவது முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, பத்துச் சுற்று முன்னால் ஓடி, எஞ்சின் உடைந்து நின்றுவிட்டார். ஜிம் கிளார்க்குக்கு 5. எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு ஜெயித்தார். இரண்டும் ஒரே பச்சை, ஒரே மஞ்சள்.

தாளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 5ஆ 6ஆ என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா