கொய்யாக் கன்றின் வேரைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும் மாவட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பழனிக்குப் பக்கத்தில், ஆயக்குடிப் பகுதியில் கொய்யா வைத்திருக்கும் விவசாயி நான். எங்கள் தோப்புகளில் மரங்கள் வாடிச் சாகின்றன. என்ன நோய் என்று வேரைத் தோண்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வருவது அபூர்வம்.

மேலே தெரியும் அறிகுறி எல்லா வேர் நோய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இலை வெளிறி ஓரம் செம்பு நிறமாகும், நுனிக் கிளை காயும், பிஞ்சு பெருக்காமல் கல்லாக நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ஒருவர் துத்தநாகச் சத்துக் குறைவு என்கிறார். இன்னொருவர் பூஞ்சாணம் என்று கார்பென்டசிம் மருந்தை ஊற்றச் சொல்கிறார். காசு போகிறது, மரமும் போகிறது.

கிளை விரிந்த அளவுக்குள் ஒரு சாண் ஆழம் மண்ணைப் பறித்தாலே சல்லிவேர் கைக்கு வந்துவிடும். வேர்முடிச்சு நூற்புழு (வேருக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) இருந்தால் வேர் நெடுக மணி கோத்தாற்போல் முடிச்சு இருக்கும். தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு உண்டே என்று சிலர் குழம்புகிறார்கள். தழைச்சத்தைச் சேர்க்கும் அந்த நல்ல முடிச்சை விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இது உதிராது, ஏனென்றால் வேரே வீங்கியிருக்கிறது. முடிச்சே இல்லாமல், தூரில் பட்டையைச் சீவினால் உள்கட்டை பழுப்பேறிக் கிடந்தால், ஃபுசேரியம் என்ற பூஞ்சாணத்தால் வரும் வாடலைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேர் கறுத்து, தோல் உரிந்து, நாற்றம் அடிக்கும்.

பல தோப்புகளில் நூற்புழுவும் பூஞ்சாணமும் சேர்ந்தே இருக்கின்றன. புழு வேரைக் காயப்படுத்த, ஃபுசேரியம் உள்ளே நுழைகிறது. பிரேசிலில் கொய்யாத் தோப்புகளை அழித்தது மெலாய்டோகைன் எண்டெரோலோபி என்ற நூற்புழு. அது தமிழ்நாட்டுக் கொய்யாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. இதற்குப் பூஞ்சாண மருந்து மட்டும் ஊற்றிப் பயனில்லை, புழு அப்படியே இருக்கும்.

இந்தப் புழு மண்ணில் தானாக அதிக தூரம் நகராது. ஊர் விட்டு ஊர் வருவது பெரும்பாலும் கன்றின் வேரிலும் பைமண்ணிலும்தான். நான் ஒரு தனியார் நர்சரியில் வாங்கிய பதியன் கன்றுகளின் பையைக் கிழித்தபோதே முடிச்சு தெரிந்தது. பையைக் கிழித்து வேரைப் பார்க்காமல் நட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நட்ட பிறகு இடைவெளியில் தக்காளி, கத்தரி, மிளகாய் போடுகிறோம். அவையும் அந்தப் புழுவுக்கு நல்ல தீனி. ஊடுபயிர் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள் வருகின்றன. நூற்புழு அதில் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை இருக்கிறது. ஆனால் மண்ணையும் வேரையும் ஒவ்வொரு விவசாயியும் அங்கே கொண்டுபோக முடியுமா? மாவட்டத்துக்கு ஒரு இடத்திலாவது பரிசோதனை வசதி வேண்டும். மாதிரி எடுக்கும் முறையையும் வட்டாரத்தில் சொல்லித் தர வேண்டும். முழுக்கச் செத்த மரத்தில் எடுத்தால் புழு அழுகிய வேரை விட்டுப் போயிருக்கும். வாடத் தொடங்கிய மரத்தில்தான் எடுக்க வேண்டும். சல்லிவேரும் ஈரமண்ணும் சேர்த்துப் பையில் கட்டி, வெயில் படாமல் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான், ஆனால் இது தெரியாமல் காய்ந்த மண்ணை அனுப்பிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்ற பதிலை நம்பிவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது நாற்றுப்பண்ணையில். மானியத்தில் கொடுக்கும் கன்றானாலும், உரிமம் பெற்ற தனியார் பண்ணைக் கன்றானாலும், ஒவ்வொரு கன்றுத் தொகுதியிலும் சில பைகளைக் கிழித்து வேரைப் பரிசோதித்த பிறகே வெளியே விட வேண்டும். முடிச்சு இருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். சான்று இல்லாத கன்றுக்கு மானியம் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கன்று வாங்க ஆரம்பிக்கிறோம், ஆகையால் ஆணை அதற்கு முன்பே வந்தால்தான் இந்த ஆண்டு நடவுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஆயக்குடிப் பகுதிக் கொய்யா விவசாயி