முதல் பருவ நிறைவும் பட அட்டைப் பயிற்சியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றனர். பள்ளித் தோட்டத்துக் கீரை சத்துணவுக்கும் சென்றது. துணைநின்ற அனைவருக்கும் நன்றி.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோரிடம் ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க அரசு கொண்டுவந்து, 2022 முதல் நடந்துவரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில், விலங்கு, பறவை, காய், வாகனம் எனப் படங்களை இனம்வாரியாகப் பிரித்து அடுக்கும் பயிற்சி உண்டு. அதன் தொடர்ச்சியாக நாங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் படத்தாள்கள், ஓரம் பிசகாமல் வெட்டப்பட்டு, ஒரு படமும் இடம் மாறாமல் ஒட்டப்பட்டுத் திரும்பி வருகின்றன. 6 வயதுப் பிள்ளையின் கத்தரிக்கோல் அவ்வளவு நேராகச் செல்லாது என்பது எங்கள் ஆசிரியைகளுக்கு நன்றாகவே தெரியும்.

அதே பிள்ளை வகுப்பில் மாட்டை ஆட்டோடு வைக்காமல் வைக்கோலோடு சேர்த்து வைக்கிறது. அது தவறன்று. இந்த வயதில் எது எதோடு இருக்கும் என்று பார்த்துச் சேர்ப்பதே இயல்பு. எது எந்த இனம் என்று பார்ப்பது பையப்பைய வரும். ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்டு, "மாடு அதைத்தானே தின்னும்" என்ற விடையையும் ஏற்றுக்கொண்டு, வேறு விதமாக அடுக்க முடியுமா என்று ஆசிரியை தூண்டுவார். நிறத்தால் ஒருமுறை, இனத்தால் ஒருமுறை, பறப்பவை பறக்காதவை என்று இன்னொருமுறை, ஒரே அட்டைக்கட்டைப் பிரித்துப் பழகும் பிள்ளைக்கு, இவற்றில் பறவைகள் எத்தனை என்ற கணக்கும் எளிதில் பிடிபடும். வௌவாலைப் பறவைகளோடு வைத்ததற்காக வீட்டில் குட்டு வாங்கிய பிள்ளையோ மறுநாள் அட்டையைத் தொடவே தயங்குகிறது. (வௌவால் விஷயத்தில் பெரியவர்களும் தடுமாறுவதுண்டு.)

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பெரியவர்கள் செய்து முடித்த தாள்கள் இரண்டாம் பருவம் முதல் ஏற்கப்படமாட்டா. அத்தாள்களைப் பார்த்து, பிள்ளை இத்திட்டத்தின் முதல் படியான அரும்பு நிலையைத் தாண்டி அடுத்த படியான மொட்டு நிலைக்கு வந்துவிட்டதாக ஆசிரியை எண்ணிவிட்டால், இழப்பு முழுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்தும் பிள்ளையோடு உட்காரும் உங்கள் அக்கறையை நான் அறிவேன். வெட்டித் தருவதில் தாராளமாக உதவுங்கள். அடுக்குவதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். விடுமுறையில் தாளே தேவையில்லை, சந்தையிலிருந்து வந்த காய்ப்பையைக் கொட்டிப் பிரிக்கச் சொன்னாலே போதும். பழைய நாட்காட்டிப் படங்கள், தீப்பெட்டிப் படங்கள் இருந்தால் பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள். புதிய அட்டைகள் செய்ய உதவும். உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்