பூங்கா வாசலும் கடை ஷட்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2020இல் கொரோனாவுக்காகப் பூட்டிய பூங்காக்களில் இப்போது விடிவதற்கு முன்பே கூட்டம். கை வீசி நடப்பவர்கள், மூச்சு வாங்க பெஞ்சில் சாய்ந்துவிடுபவர்கள் (நான் இந்த ரகம்). வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; தினம் அரை மணி நடந்தால் ஐந்தே நாளில் கணக்கு முடிந்தது.

சரி, நடந்து முடித்த பிறகு? வியர்வையோடு வெளியே வருபவர் கண்ணில் முதலில் படுவது பூங்காவை ஒட்டிய கடைகள்தான். அவற்றின் ஷட்டர் ஏறுவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்க் குளித்தே முடித்திருப்பார். பொதுமுடக்கக் காலத்துக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் சிறு வியாபாரிகள், இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்து பார்க்கலாமே. அப்புறம், கடைத்தெருப் பக்கம் பூங்காவுக்கு ஒரு வாசல் இருந்தால், நிர்வாகம் அதைப் பூட்டி வைக்காமல் காலையில் திறந்துவிடட்டும்.

– ஒரு காலைநடை வாசகர்